2021 டிசம்பரிலும் நாணயக் கூட்டம் இல்லை: ஏன் என்று கொஞ்சம் விளக்கமாக

வணக்கம்.

நாணயம் சேகரிப்பவர்கள் ஒன்றுகூடிப் பார்த்து, வாங்கி விற்கும் நம் வருஷக் கடைசிக் கூட்டம் எப்போது என்று கடைக்கு வருகிறவர்களும் கேட்கிறீர்கள், போனில் கூப்பிடுகிறவர்களும் கேட்கிறீர்கள். ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்லும்போது ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு விட்டுப்போகிறது, அதனால்தான் இந்த மடல். பதிலை முதலில் சொல்லிவிடுகிறோம்: கொரோனாவால் 2021 டிசம்பரிலும் கூட்டம் கிடையாது. அக்டோபர் 1 அன்று மொரிஷியஸின் எல்லையைத் திறந்துவிட்டார்கள், ஓட்டல்களில் ஆள் வருகிறார்கள், கல்யாணம் காதுகுத்து எல்லாம் நடக்கிறது, நாணயக் கூட்டத்துக்கு மட்டும் என்ன வந்தது என்று ஒன்றிரண்டு பேர் கோபமாகவே கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

நம் கூட்டம் எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மேஜையில் விலையுள்ள பொருள் இருக்கிறது, அதனால் ஒரே வாசல், அதையும் சாத்தியே வைக்கிறோம். ஜன்னலைத் திறப்பதில்லை, ஏசி ஓடும். ஒரு விளக்குக்குக் கீழே நாலு தலை குனிந்திருக்கும், ஒரே லென்ஸ் கைமாறிக் கைமாறிப் போகும், 'இது தேய்மானம் இல்லை ஐயா, அச்சே சரியாக விழவில்லை' என்று ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வாதாடுவோம். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள், சர்க்கரை நோய்க்கோ நம் தீவு பேர் போனது. இந்தக் கிருமி பரவ இதைவிட வசதியான அறையை யாராலும் கட்டித்தர முடியாது. கல்யாண மண்டபத்தில் நாலு கதவையும் திறந்து போட்டுவிடலாம். நாணய மேஜைக்குப் பக்கத்தில் கதவைத் திறந்து வைத்தால் வேறு கவலை வந்துவிடும்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு நடத்தலாமே என்றும் கேட்டீர்கள். போட்டுக்கொண்டு லென்ஸில் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு மூச்சில் கண்ணாடி பனி பிடித்துவிடும், உடனே கவசம் மூக்குக்குக் கீழே இறங்கிவிடும். (முகத்தை மூடிக்கொண்டு யாராவது கடைக்குள் வந்தால் 2020க்கு முன்னால் நாங்கள் அலாரத்தைத் தேடியிருப்போம் என்பது தனிக்கதை.)

நாணயத்தைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா என்ற பயம் அநேகமாக எல்லோருக்கும் தீர்ந்துவிட்டது, இருந்தாலும் இன்னும் சிலர் கையுறையோடு வருகிறீர்கள். 2020 மார்ச்சில் வந்த ஆய்வில், தாமிரத்தின் மேல் இந்தக் கிருமி 4 மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை, பிளாஸ்டிக்கின் மேல் 72 மணி நேரம் வரை இருந்தது என்று கண்டார்கள். அதாவது நம் பழைய வெண்கல சென்ட் காசைவிட அதைப் போட்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைதான் சந்தேகத்துக்கு உரியது. அதுவும் ஆய்வுக்கூடக் கணக்கு. பொருளைத் தொட்டுத் தொற்றுவது மிக அபூர்வம், வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது. ஆகவே பயப்பட வேண்டியது காற்றுக்கு, காசுக்கு அல்ல.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், அந்தப் பயத்தில் நாசமாகிப்போன நாணயங்கள் கடைக்கு வந்தபடியே இருக்கின்றன. சானிடைசரில் ஊறவைத்துத் துணியால் தேய்த்தவை, பாத்திரம் துலக்கும் சோப்பில் கழுவியவை, எல்லாவற்றிலும் மோசம் ழாவெல் தண்ணீரில் (துணி வெளுக்கும் ப்ளீச்) போட்டவை. ழாவெல் வெள்ளியைக் கறுக்கடித்துவிடும், அந்தக் கறுப்பைப் போக்க மறுபடி தேய்ப்பார்கள், அதோடு முடிந்தது. நம் மொரிஷியஸின் 1934ஆம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாய் ஒன்று சமீபத்தில் வந்தது. நேராகப் பார்த்தால் பளபளவென்று புதுசு மாதிரி இருக்கிறது. விளக்குக்குக் கீழே பிடித்து மெல்லச் சாய்த்தால், ராஜாவின் கன்னத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் தலைமுடி போல நூற்றுக்கணக்கான கோடுகள், எல்லாம் ஒரே திசையில், துணி போன வழியில். தொடாத நாணயத்தைச் சாய்த்தால் ஒளி வட்டமாகச் சுழன்று வரும், இதில் அங்கேயே அசையாமல் நின்றது. தேய்க்காமல் விட்டிருந்தால் நல்ல விலை தந்திருப்போம். தேய்த்ததற்கு வெள்ளி விலைக்கு மேல் அதிகம் தர வழியில்லை, கொண்டுவந்த அம்மா வருத்தப்பட்டுத்தான் போனார்கள்.

கூட்டம் நின்றதால் என்ன நஷ்டம் என்பதும் இதே இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் கோடுகள் போட்டோவில் தெரியாது. விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து எடுத்தால் தேய்த்த நாணயம்கூடத் தொடாத நாணயம்போலத்தான் தெரியும், அதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறவர்களும் உண்டு. எடை, விளிம்பு, கையில் விழும்போது கேட்கிற சத்தம், எதுவும் போட்டோவில் வராது. கூட்டத்தில் என்றால் பக்கத்து நாற்காலிக்காரர் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாலே போதும், நீங்கள் பணத்தை மடித்து உள்ளே வைத்துவிடுவீர்கள். இந்த ஒன்றே முக்கால் வருஷமாக வீட்டில் தனியாக உட்கார்ந்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, போன் திரையைப் பார்த்து வாங்கியவர்களுக்கு அந்த உதட்டுப் பிதுக்கல் கிடைக்கவில்லை. அப்படி வாங்கியவற்றை எங்களிடம் விற்கக் கொண்டுவரும்போது நாங்கள் சொல்லும் விலையைக் கேட்டுப் பலருக்கு முகம் மாறிவிடுகிறது.

விலை விஷயத்தையும் திறந்தே பேசிவிடலாம். 2020 மார்ச்சில் வெள்ளி அவுன்ஸ் 12 டாலருக்குக் கீழே விழுந்தது, அதே வருஷம் ஆகஸ்டில் 29 டாலரைத் தொட்டது. அந்த 1934 ரூபாய் ஏறத்தாழ 11.66 கிராம் எடை, பதினொரு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு கலப்பு. உருக்கினால் வருகிற விலையே நாலு டாலரிலிருந்து பத்து டாலருக்குப் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் நம் ரூபாய் வேறு இறங்கியது. 2020 தொடக்கத்தில் 37 ரூபாயை ஒட்டி இருந்த டாலர் 2021 கடைசியில் 43ஐ ஒட்டி நின்றது. வெளியிலிருந்து வாங்குகிற ஆல்பம், உறை, லென்ஸ் எல்லாம் அதனால்தான் ஏறிவிட்டன, நாங்கள் ஏற்றியது இல்லை.

ஆனால் இணைய ஏலத்தில் போன விலைதான் சந்தை விலை என்று திரையைக் காட்டி வாதாடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏலத்தில் விலை ஏற இரண்டு பிடிவாதக்காரர்கள் போதும். கூட்டத்தில் அதே நாணயம் மூன்று மேஜையில் இருக்கும், ஒருவர் 3,000 என்பார், ஒருவர் 2,200 என்பார், மத்தியானம் ஆனதும் மூட்டை கட்டும் அவசரத்தில் ஒருவர் 2,000க்குத் தருவார். விலை படிவது அந்த நேரத்தில்தான். வெளிநாட்டிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. 2020 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க்கில் நடக்கவேண்டிய அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் பெரிய கண்காட்சி ரத்தானது. 2021 ஜனவரியில் நியூயார்க்கும் ஆர்லாண்டோவும் ரத்து, பெர்லினும் நடக்கவில்லை. பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் முன்பே வியாபாரிகள் தங்களுக்குள் வாங்கி விற்று முடிப்பது அங்கேதான். அது நின்றதும் சரக்கு அவரவர் பெட்டியிலேயே தங்கிவிட்டது. நம் தீவின் நல்ல பழைய நாணயங்கள் நம் தீவில் இருப்பதைவிட லண்டனிலும் பாரிஸிலும்தான் அதிகம் இருக்கின்றன, 1810இல் பிரெஞ்சு ஆளுநர் தெக்கான் காலத்தில் இங்கேயே அடித்த பத்து லிவ்ரு (பழைய பிரெஞ்சுப் பண அலகு) வெள்ளிக்காசு உட்பட. அங்கே கண்காட்சி நின்றால் ரோஸ் ஹில்லில் எங்கள் கண்ணாடிப் பெட்டி காலியாகும். அதுதான் நடந்தது, கேட்ட பொருள் ஏன் வரவில்லை என்பதற்கும் அதுதான் பதில்.

நோட்டு சேகரிப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில் சீன மத்திய வங்கி நோட்டுகளைச் சூடாக்கியும் புற ஊதா ஒளியில் வைத்தும் இரண்டு வாரம் வரை ஒதுக்கி வைத்தது, அதே வருஷம் தென் கொரியாவில் ஒருவர் நோட்டுகளை வாஷிங் மெஷினிலேயே போட்டுவிட்டார். இங்கே அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் இஸ்திரி போட்ட நோட்டுகள் வந்தன. இஸ்திரி போட்டால் மடிப்பு மறையும், கூடவே காகிதத்தின் மொரமொரப்பும் அச்சு மையின் மேடும் போய்விடும், விரல் வைத்தாலே தெரியும். நம்மவர்கள் அதிகம் கேட்கிற 1998 வரிசை நோட்டுகளில் இது முக்கியம். தமிழைத் தேவநாகரிக்குக் கீழே மூன்றாவதாகத் தள்ளி அச்சடித்ததும், இங்கே எழுந்த எதிர்ப்பும், மொரிஷியஸ் மத்திய வங்கி அவற்றைத் திரும்பப் பெற்று 1999இல் தமிழை மறுபடி இரண்டாம் இடத்தில் வைத்து வெளியிட்டதும் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நம் தீவின் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் ஐயா படம் போட்ட நூறு ரூபாயில் இரண்டு அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சோடியாக வைத்திருக்கிறோம். விற்பதற்கு இல்லை, வந்தால் பார்க்கலாம்.

சரி, கூட்டம் இல்லை என்றால் வேறு என்ன?

நேரம் சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு சமயத்தில் இரண்டு பேர், ஒரு வீட்டுக்காரர்கள் என்றால் மூன்று பேர். மேஜையைப் பின் வராண்டாவுக்கு மாற்றியிருக்கிறோம், காற்றோட்டமும் உண்டு, பகல் வெளிச்சமும் உண்டு, உண்மையைச் சொன்னால் நாணயம் பார்க்க அந்த வெளிச்சம் விளக்கைவிட மேல். லென்ஸ் உங்களுடையதைக் கொண்டுவாருங்கள். தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு 5,000 ரூபாய் வரையுள்ள பொருளை முன்பணம் வாங்காமல் ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்புகிறோம், வீட்டில் வைத்து நிதானமாகப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் உறையோடு திருப்பிக் கொடுங்கள், காரணம் கேட்கமாட்டோம். வாங்கிய பொருளுக்கும் இனி ஒரு மாத அவகாசம் உண்டு: தேய்த்தது, போலி, பழுது பார்த்தது என்று தெரிந்தால் முழுப்பணமும் திரும்ப வரும். இது கொரோனா போன பிறகும் நீடிக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்கால வாட்ஸ்அப் பேச்சு தொடரும். அதைக் கூட்டத்துக்கு மாற்றாக நாங்கள் நினைக்கவில்லை. கதை பேசவும், ஆயிரம் ரூபாய்க்குக் கீழே உள்ள சாதாரணப் பொருளை மாற்றிக்கொள்ளவும் அது போதும், அதற்கு மேல் உள்ளதை அதில் விற்கவேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

பக்கத்து ரெயூனியன் தீவுக்காரர்களுக்கு: உங்களுக்காக எடுத்து வைத்தவை அப்படியே இருக்கின்றன, எடுத்து வைத்த அன்றைய விலைக்குத்தான் தருவோம். தென்னாப்பிரிக்க விமானங்களை 2021 நவம்பர் கடைசியில் நிறுத்திவிட்டார்கள், அதனால் டர்பனிலிருந்து வரவேண்டிய க்ரூகர்ராண்டு தங்க நாணயமும் மற்றச் சரக்கும் எப்போது வரும் என்று இப்போதைக்குச் சொல்லமுடியாது, முன்பதிவுப் பணம் கட்டியவர்கள் கேட்டால் அன்றே திருப்பித் தருகிறோம்.

பிள்ளைகளை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. கூட்டத்தில் கதவோரம் ஒரு கிண்ணம் நிறையக் கலந்த காசு இருக்கும், எதை எடுத்தாலும் ஐந்து ரூபாய், ஒரு பிள்ளை அதில் கையைவிட்டு மானைப் போட்ட அரை ரூபாயைப் பிடித்துக்கொண்டு ஓடும். இன்று பெரிய ஆல்பம் வைத்திருக்கிற பலர் அந்தக் கிண்ணத்தில் ஆரம்பித்தவர்கள். இந்த இரண்டு வருஷத்தில் பிள்ளைகள் அதைப் பார்க்காமலே வளர்ந்துவிட்டார்கள். அதற்காகக் கிண்ணத்திலிருந்து சிறு பொட்டலங்கள் கட்டி வைத்திருக்கிறோம், ஒவ்வொன்றிலும் பத்துக் காசு, எந்த நாடு என்று சொல்லமாட்டோம், கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. ஸ்கூல் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பணம் வேண்டாம்.

கடைசியாகக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். இந்தக் காலத்தில் நம் கூட்டத்து ஆட்கள் சிலர் போய்விட்டார்கள். நோயால் போனவர்களும் உண்டு, வயதால் போனவர்களும் உண்டு, காரியத்துக்குக்கூடப் பத்துப் பேருக்கு மேல் போகமுடியாத நாட்களில் போனவர்களும் உண்டு. அவர்கள் சேகரிப்பு இப்போது வீட்டில் யாருக்கும் அர்த்தம் தெரியாமல் அலமாரியில் இருக்கிறது. முன்பெல்லாம் கூட்டத்தில் யாராவது 'அவரிடம் இன்னது இருந்தது' என்று குடும்பத்துக்குச் சொல்லிவிடுவார்கள், அந்த வழியும் அடைபட்டுவிட்டது. அந்த வீட்டாரை உங்களுக்குத் தெரியும் என்றால் சொல்லுங்கள்: எதையும் கழுவவேண்டாம், உறையிலிருந்து பிரிக்கவேண்டாம், உறைமேல் பென்சிலில் எழுதியிருக்கும் குறிப்பைத் தூக்கிப் போடவேண்டாம், வீடு தேடி வந்து கிலோ கணக்கில் கேட்கிறவர்களுக்கு விற்கவேண்டாம். பட்டியல் போட்டுக் கொடுக்க நாங்கள் வருகிறோம், விற்றே ஆகவேண்டும் என்பதில்லை, எங்களிடம்தான் விற்கவேண்டும் என்பதும் இல்லை.

நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் சேகரிப்புக்கு ஒரு நோட்டில் பட்டியல் எழுதி, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது காட்டிவிடுங்கள். வாங்கிய விலையை எழுதத் தயக்கமாக இருந்தால் (ஏன் என்று தெரியும்) அதை மட்டும் விட்டுவிடலாம்.

தைப்பூசக் காவடி முடிந்ததும் நிலைமையைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறோம். கடை திங்கள் முதல் சனி வரை காலை பத்து மணியிலிருந்து, ஞாயிறு விடுமுறை. வரும்முன் ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
ரோஸ் ஹில் கடையிலிருந்து