காய்ச்சல் எல்லாம் எங்கள் வாசலில்

அன்புள்ள மாலதி,

இங்கே நலம். பையன் நடக்கத் தொடங்கிவிட்டானா? இவ்வளவு நாள் பதில் போடாததற்கு இந்தத் தடவை காரணம் சோம்பல் இல்லை, டெங்கு.

நீ பெங்களூரில் நோய்க் கண்காணிப்புக்கு மென்பொருள் செய்கிறாய் என்று கேள்விப்பட்டுச் சிரித்துவிட்டேன். பி.எஸ்.எம். என்ற சமூக மருத்துவ வகுப்பில் தூங்கி, சாரிடம் சாக்பீஸ் அடி வாங்கியவள்தானே! சரி, இப்போதாவது விழித்திருப்பாய், கேள்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் காய்ச்சல் பரவுவதை எங்களுக்கு முதலில் சொன்னது மெடிக்கல் கடை அண்ணாச்சி. "டாக்டரம்மா, பாராசிட்டமால் தீர்ந்துபோச்சு" என்று போன் செய்தார். நோய்களைப் பதியும் எங்கள் போர்ட்டலைத் திறந்தால் வரைபடத்தில் அந்த ஊர் வெறிச்சோடிக் கிடக்கிறது. பாதிப் பேர் தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அங்கிருந்து ஒரு பதிவும் வரவில்லை. எங்கள் கிராம சுகாதார செவிலியர் பதிந்தவை மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலிலேயே புள்ளி புள்ளியாகக் குவிந்திருக்கின்றன. ஊரில் சிக்னல் கிடையாது, பாவம், இங்கே வந்துதான் அவர் எல்லாவற்றையும் ஏற்றுகிறார். வரைபடத்தை நம்பினால் கொசு மருந்தை என் மேசைக்குக் கீழேதான் அடிக்க வேண்டும்.

இதற்குள் ஒரு சிறுமி டெங்கு முற்றி, ரத்த அழுத்தம் விழுந்து ஷாக்கில் போய்விட்டாள். மாவட்ட மருத்துவமனையில் பிழைத்துக்கொண்டாள். அவள் அம்மா ஏற்கனவே மூன்று கிளினிக் ஏறி இறங்கியிருந்தார். அதில் ஒருவர் எங்களிடம் சொல்லியிருந்தால்கூடப் போதும்.

உடனே நீ, செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே கணித்துவிடும் என்பாய். கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ் ஞாபகமிருக்கிறதா? மக்கள் கூகுளில் தேடும் சொற்களை வைத்து ஃப்ளூ காய்ச்சல் பரவலைக் கணிக்க 2008-ல் தொடங்கினார்கள். 2012-13 குளிர்காலத்தில் இருந்ததைவிட மிக அதிகமாகக் காய்ச்சல் காட்டியது, 2015-ல் நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்தில் 2020-ல் பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லாமல், 15,841 கோவிட் நோயாளிகள் கணக்கில் ஏறாமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தள்ளிப்போனது. பணக்கார நாட்டிலேயே அப்படி!

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது வேலூர்தான். எண்பதுகளில் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) டாக்டர் ஜேக்கப் ஜானும் குழுவும் வட ஆற்காடு மாவட்ட டாக்டர்களுக்கு முகவரி அச்சிட்ட அஞ்சலட்டை கொடுத்தார்கள். நோயைக் கண்டதும் நிரப்பித் தபாலில் போட வேண்டியதுதான். தனியார் டாக்டர்களும் போட்டார்கள். ஏன் போட்டார்கள்? மாதாமாதம் அவர்கள் கைக்கே ஒரு செய்தி மடல் திரும்பி வந்தது, மாவட்டத்தில் எங்கே என்ன நோய் என்று. எழுதியவருக்கு எழுதியதன் பலன் தெரிந்தது. நாங்கள் ஏற்றுவதெல்லாம் மேலே போகிறது, கீழே ஒரு வரி வருவதில்லை. வந்தால் "ஏன் இன்னும் நிரப்பவில்லை" என்ற வாட்ஸ்அப்தான். ஒரே நோயாளியை இரண்டு மூன்று இடத்தில் ஏற்றி அலுத்துப்போன செவிலியர், காய்ச்சல் இல்லாத ஊருக்கும் இருக்கிற ஊருக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அவரை நான் எப்படித் திட்டுவது?

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் செய்வதில் திரும்பி வரும் வழி இருக்கிறதா? "நீங்கள் சொன்ன காய்ச்சல் டெங்குதான், அடுத்த தெருவிலும் இருக்கிறது" என்று அந்த கிளினிக் டாக்டரின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி போகுமா? சிக்னல் இல்லாத இடத்திலும் பதிந்து வைத்துக்கொள்ளுமா? உன் மேலாளரிடம் கேட்டு எழுது. முடியும் என்றால் எங்கள் வட்டாரத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். கிளினிக்காரர்களை நான் இழுத்து வருகிறேன், அண்ணாச்சியையும் சேர்த்து.

அன்புடன்,
சுமதி