சயாமுக்குப் போனவர்கள் சார்பில் ஜப்பான் பிரதமருக்கு

மாண்புமிகு பிரதமர் அவர்களுக்கு,

வணக்கம். 2010-இல் உங்கள் வெளியுறவு அமைச்சர் ஒக்காடா, முன்னாள் அமெரிக்கப் போர்க்கைதிகளை டோக்கியோவில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு, அவருக்குப் பின் வெளியுறவு அமைச்சரான மாஎஹாரா ஆஸ்திரேலியக் கைதிகளிடம் கேட்டார். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாம் உலகப் போரில் உங்கள் ராணுவம் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதையில் மண் சுமந்த மலாயாத் தோட்டத் தமிழர்கள் முன்னால் எந்த அமைச்சரும் அப்படி வந்து நின்றதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

415 கிலோமீட்டர் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் உங்கள் ராணுவம் முடித்தது. ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களிடம் மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லித்தான் முதலில் ஆள் சேர்த்தார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் வலுக்கட்டாயமாகப் பிடித்துப் போனார்கள். மழைக்காலத்தில் காலரா வந்தது. போர்க்கைதிகளோடு ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். செத்தவன் பெயரை ஒளித்து வைத்தாவது எழுதிக்கொள்ள ஆளிருந்தது. எங்கள் ஆட்கள் கிடந்த பெரும்பாலான முகாம்களில் அதெல்லாம் கிடையாது. அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் செத்தார்கள், மொத்தமாகக் குழியில் போட்டு மூடினார்கள். தாய்லாந்தின் காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. எங்கள் தாத்தாக்களுக்கு எண்ணிக்கைகூட இல்லை. பல்லாயிரம் என்கிறோம், அவ்வளவுதான்.

1967-இலேயே மலேசியாவுடன் இழப்பீட்டுக் கணக்கு முடிந்துவிட்டது என்பீர்கள். முடிந்ததுதான், 2.5 கோடி மலேசிய வெள்ளிக்கு (டாலருக்கு) இரண்டு கப்பல்களாக. அதில் எந்தத் தோட்டத்து விதவைக்கு என்ன வந்தது? 1995-இல் பிரதமர் முராயாமா ஆசிய மக்களிடம் மனமார மன்னிப்புக் கேட்டதை மதிக்கிறேன். ஆனால் ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொன்னது தோட்டத்து லயம் வரை வந்து சேரவில்லை. அதே போரின்போது தன் நாட்டிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினரை முகாமில் அடைத்ததற்காக அமெரிக்கா 1988-இல் சட்டம் போட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் அதிபர் கையெழுத்திட்ட கடிதமும் அனுப்பியதே, அது போய்ச் சேர்ந்தது.

டோக்கியோவில் போரில் இறந்த உங்கள் வீரர்களுக்கான யசுகுனி ஆலய அருங்காட்சியகத்தின் முகப்பில் அந்தப் பாதையில் ஓடிய என்ஜின் ஒன்று கறுப்பாகப் பளபளத்து நிற்கிறது. ஆலயத்துக்கும் அரசுக்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். சரி. ஆனால் போர் முடிந்த நாளான ஆகஸ்ட் 15 வந்தால் உங்கள் அமைச்சர்கள் சிலர் அங்கேதானே போய்க் கும்பிட்டிருக்கிறார்கள்? நாங்கள் எதை நம்புவது?

ராணுவ ஆவணங்களில் தொழிலாளர் பட்டியல் ஏதும் மிஞ்சியிருந்தால் வெளியிடுங்கள். சயாமிலிருந்து திரும்பியவர்களில் யாராவது இன்னும் இருந்தால் நூறை நெருங்கியிருப்பார்கள். அவர்களைத் தூதரகத்துக்கு அழைக்க வேண்டாம், படியேற முடியாது. கோலாலம்பூரில் இருக்கும் உங்கள் தூதரை வீடு தேடி அனுப்புங்கள். பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
சயாமுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒருவன்