நர்சம்மாவுக்கு, டீச்சருக்கு, மருந்துக்கடை அண்ணனுக்கு

நீலகிரியில் பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயனிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, எழுதுகிறேன். இன்று 2022 ஜூன் 13, பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மகள் ஒன்பதாவது, மகன் ஆறாவது. இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதுதான் தோன்றியது, இவ்வளவு நாளாகியும் உங்கள் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லையே என்று.

கொரோனாக் காலத்தில் எங்களுக்குச் செய்திக்குப் பஞ்சமே இல்லை. மேல் லயன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றால் சிக்னல் கிடைக்கும். கிடைத்ததும் வாட்ஸ்அப் கொட்டும். பத்து வினாடி மூச்சை அடக்கினால் நோய் இல்லை, மூக்கில் எலுமிச்சைச் சாறு விடு, இப்படி. கேரள எல்லை தாண்டி மலையாளத்திலும் வரும். மலையாளம் பாதிதான் புரியும், பயம் முழுசாகப் புரியும். நானும் சும்மா இருக்கவில்லை. ஆவி பிடித்தால் கிருமி சாகும் என்று நம்பி, சின்னவன் தொடையில் வெந்நீரைக் கொட்டிவிட்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

நர்சம்மா, 2021 மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு உங்களை எழுப்பியது நான்தான். மகனுக்குக் காய்ச்சல், கையில் பாராசிட்டமால் சிரப். எத்தனை மில்லி என்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டீர்கள்: "பிள்ளை எத்தனை கிலோ? பாட்டில்ல 125ன்னு இருக்கா, 250ன்னு இருக்கா?" இரண்டுமே எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அண்ணன் எழுந்து வந்து, தராசு இருக்கும் அறையின் கதவைத் திறந்துவிட்டார். கொழுந்து நிறுக்கும் தராசில் சாக்கைக் கட்டி, மகனை அதற்குள் உட்கார வைத்துத் தூக்கினோம். காய்ச்சலிலும் அவனுக்குச் சிரிப்பு. 24 கிலோ. பாட்டிலில் 250, அதாவது 5 மில்லியில் 250 மில்லிகிராம் மருந்து. "அப்போ 5 மில்லி. ஆறு மணி நேரம் கழிச்சுத்தான் மறுபடி. மூச்சு வாங்கினாலோ, தண்ணிகூடக் குடிக்காம சுருண்டு படுத்தாலோ என்னைக் கேட்டுக்கிட்டு இருக்காதீங்க, 108ஐக் கூப்பிடுங்க" என்றீர்கள். அடுத்த வாரம் ஏழெட்டுத் தாய்மார்கள் பிள்ளைகளை அந்தத் தராசுக்கே கூட்டி வந்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளை அண்ணனுக்கு அதற்கும் சேர்த்து நன்றி!

டீச்சர், பாடம் அனுப்பத் தொடங்கிய குழுவில் நாங்கள் கேட்டதெல்லாம் பாடமே இல்லை. மூன்றாம் அலை பிள்ளைகளைத்தான் தூக்கும் என்ற செய்தி வந்தபோது எங்கள் லயனில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதைக் குழுவில் போட்டவளும் நான்தான். நீங்கள் திட்டவில்லை. "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்றீர்கள். சாயங்காலம் உங்கள் குரல் பதிவு வந்தது: பிள்ளைகளை மட்டும் தாக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று குழந்தை மருத்துவர்களின் சங்கமே சொல்லியிருக்கிறதாம். தெரியாது என்று ஒருவர் சொல்லி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. மாமியார் முதல் யூடியூப்காரர் வரை எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

இந்த மார்ச்சில் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஊசி என்றபோது வேறு குழப்பம். வயதுக்கு வந்த பெண்ணுக்குப் போடலாமா, தீட்டு நாளில் போடலாமா? ஆண்கள் இருக்கும் குழுவில் இதை எப்படிக் கேட்பது? அரசு மருத்துவ உதவி எண் 104க்குப் போன் போட்டேன். பெயர் தெரியாத ஒரு பெண் குரல், கூச்சமே இல்லாமல், எந்த நாளிலும் போடலாம் என்று பொறுமையாகச் சொன்னது. அந்தத் தங்கச்சி இதைப் படிக்கப் போவதில்லை, இருந்தாலும் நன்றி. 28 நாள் கழித்து இரண்டாவது ஊசியும் மகள் போட்டுக்கொண்டாள்.

கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. பிள்ளைகள் சார்பில் அதைச் சொல்ல முடியாது, வாழைக்கு ஊற்றினார்கள்.

மருந்துக்கடை அண்ணா, தெர்மாமீட்டர் கடனில் இன்னும் 80 ரூபாய் பாக்கி. நீங்களும் கேட்கவில்லை, நானும் கடைப் பக்கம் வரும்போதெல்லாம் எதிர்ப்பக்கமாக நடந்தேன். சனிக்கிழமை சம்பளம். வந்துவிடுகிறேன்.