அக்கன் கொடுத்தவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ராஜராஜ சோழனின் அக்காள் குந்தவைப் பிராட்டியைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு பிரித்தேன். பாதிப் பக்கத்துக்குச் சினிமாப் படங்கள். மீதியில் இருந்த குந்தவையும் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலிலிருந்து எழுந்து வந்தவர்தான். நிலா முற்றத்தில் நிற்கிறார், சூழ்ச்சிக்கு எதிர்ச்சூழ்ச்சி செய்கிறார், வந்தியத்தேவனைக் கண்டால் முகம் சிவக்கிறார். போதாக்குறைக்கு, வேங்கி நாட்டு விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டவரும் இவரே என்று ஒரு வரி. ஐயா, அவர் வேறு குந்தவை, ராஜராஜனின் மகள். அக்காள் பெயரை மகளுக்கு வைத்திருக்கிறார் மன்னர். நம் வீடுகளில் நடப்பதுதான்.

நாவலை நான் குறை சொல்லவில்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடரைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை ‘வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார்’ என்கிறது. கணவரைப் பற்றிக் கிடைப்பது இதுபோன்ற சில சொற்கள்தான். அந்தச் சிறு விதையிலிருந்து ஒரு கதாநாயகனையே வளர்த்தெடுத்ததை வியக்காமல் இருக்க முடியுமா? என் ஆதங்கம் வேறு. குந்தவை விஷயத்தில் கல்லில் சான்று கொட்டிக் கிடக்கிறது. அதை எட்டிப் பார்க்காமல் கற்பனையையே வரலாறு என்று அச்சிடுவானேன்?

முப்பத்துநான்கு வருடம் வங்கியில் பேரேடு பார்த்தவன் என்பதால் அந்தக் கல்வெட்டுகளில் முதலில் என் கண்ணில் பட்டது வட்டி. ஊர்ச் சபைகளிடம் காசை முதலாகக் கொடுத்து வைக்கிறார் குந்தவை. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பலிசை. பலிசை என்றால் வட்டி. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. வருகிற வட்டியில் பூசைக்கும் படையலுக்கும் செலவு. முதலை யாரும் திருப்பித் தர வேண்டாம். சந்திரனும் சூரியனும் உள்ளவரை வட்டி வந்தால் போதும். தவணையே இல்லாத கடன்! எங்கள் மேலாளரிடம் இப்படி ஒரு மனு போயிருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார்.

நகைக் கணக்கு இன்னும் கறார். ‘ஆடவல்லான்’ என்று பெயரிட்ட எடைக்கல்லால் பொன்னை நிறுக்கிறார்கள். முத்து என்று மொத்தமாக எழுதிவிட்டுப் போகவில்லை. வட்டம், அநுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, கறடு என்று பிரிக்கிறார்கள். கோத்த சரடு, உள்ளே வைத்த அரக்கு வரை எடையில் வருகிறது. இத்தனையையும் கல்லில் வெட்டிவிட்டால் பின்னால் எவன் கைவைக்க முடியும்?

கணக்கு அங்கே முடியட்டும். அதே கோயிலுக்கு அவர் எழுந்தருளச் செய்த செப்புத் திருமேனிகளில் இரண்டு, அவருடைய தந்தையும் தாயும். தந்தை சுந்தர சோழர், ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’, அதாவது பொன்மாளிகையில் உயிர்நீத்தவர். அவரோடு தீப்புகுந்தவர் தாய் வானவன் மாதேவி. ‘முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகற் பிரியாத் தையல்’ என்கிறது திருக்கோவலூர்க் கல்வெட்டு. பால் குடிக்கும் குழந்தையை விட்டுப் போனவர் என்று பொருள். கல்வெட்டு அதைப் புகழ்ச்சியாகத்தான் பாடுகிறது. எனக்கு அந்த வரியைத் தாண்ட மனம் வருவதில்லை. அப்படிப் போன தாய்க்கு மகள் சிலை எடுத்து, அந்தச் சிலைக்குப் பூசையும் நடக்க வழி செய்து வைத்திருக்கிறாள். அவள் மனத்தில் என்ன இருந்தது என்று எந்தக் கல்லும் சொல்லாது. நாவலாசிரியர்கள் தொட வேண்டிய இடம் இது. ஏனோ தொடுவதில்லை.

தஞ்சையில் தந்தை பெயரால் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலை இருந்தது. நோயாளிகளுக்கான இடம். அதன் வைத்தியருக்குக் குந்தவை நிலம் கொடுத்திருக்கிறார். ஆட்சி அப்போது தம்பி மகன் ராஜேந்திரன் கைக்கு வந்துவிட்டது.

திண்டிவனம் பக்கம் தாதாபுரம் இருக்கிறதே, அன்றைய ராஜராஜபுரம், அங்கே குந்தவை எடுப்பித்தவை மூன்று: சிவனுக்கு ரவிகுலமாணிக்க ஈஸ்வரம், பெருமாளுக்குக் குந்தவை விண்ணகர், சமணருக்குக் குந்தவை ஜினாலயம். முதல் இரண்டும் இன்றும் நிற்கின்றன. ஜினாலயம் இல்லை. போளூர் அருகே திருமலையில் அவர் பெயரைத் தாங்கிய இன்னொரு சமணக் கோயில் மட்டும் இருக்கிறது. உங்கள் கட்டுரையில் இவற்றுக்கு அரை வரிகூட இல்லை.

போன கோடை விடுமுறையில் பேத்தியைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போனேன். விமானத்தின் அடியில் வடபுறம் ராஜராஜனின் ஆணை இருக்கிறது. இருபத்தாறாம் ஆட்சியாண்டில், அரண்மனைத் திருமஞ்சனசாலையில், அதாவது நீராடும் இடத்தில், இருந்தபடி மன்னர் சொல்கிறார்: ‘நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டுக. தனக்கு அடுத்து அக்காள். மனைவியர் அதற்குப் பிறகுதான். பட்டமும் புகழ்பாடும் மெய்க்கீர்த்தியும் இல்லாமல் ‘அக்கன்’ என்று வீட்டில் கூப்பிடுவது போலவே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கல்வெட்டு எழுத்தில் புள்ளி கிடையாது, ககரம் கிட்டத்தட்டச் சிலுவைக்குறி மாதிரி இருக்கும் என்று மட்டும் பேத்தியிடம் சொல்லியிருந்தேன். பத்து நிமிடம் வரிசையாக விரலை நீட்டித் தேடியவள், “தாத்தா, ரெண்டு சிலுவை பக்கத்துல பக்கத்துல இருக்கு, இதுவா?” என்றாள். அவள் காட்டியது அதே சொல்தானா என்று சத்தியம் செய்ய என் கண்பார்வை போதாது. அடுத்த முறை குந்தவையைப் பற்றி எழுதும்போது நடிகையின் படத்துக்குப் பதில் அந்த வரியின் படத்தைப் போடுங்கள். நாங்களும் சரிபார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் கணக்கர் ஒருவர்,
கும்பகோணம்