சாரல் யாரோடது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம், செங்கோட்டையில இருந்து எழுதுறேன். எங்க சம்மந்தி வீடு கேரளாவுல புனலூர். போன ஞாயித்துக்கிழமை வந்திருந்தாங்க, இலையில உக்காந்ததுமே ஆரம்பிச்சிட்டாரு, உங்க குற்றாலத்து சாரலே எங்க ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற காத்துதான்னு. வாஸ்தவந்தான், தென்மேற்கு பருவமழை அந்தப் பக்கம் கொட்டிட்டு மிச்சந்தான் நமக்கு சாரலா வருது. ஆனா அவுக அவியலுக்கு காய் எங்க பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல இருந்துல்ல போகுது, ஓணத்துக்கு அத்தப்பூ கோலம் போட தோவாளை பூவுல்ல போகுது, அதை விட்டுக்கொடுக்க முடியுமா சொல்லுங்க!

இத்தனைக்கும் 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்க ஊரும் அந்தப் பக்கம், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துலதான் இருந்துச்சு, தாத்தா காலத்து பத்திரம் ஒண்ணு மலையாளத்துலயே இன்னும் பீரோல இருக்கு.

அகலப்பாதை வேலைக்காக ரயில் நின்னுபோய் 2018லதான் திரும்ப விட்டாங்க, அதுவரைக்கும் மலைப்பாதையில பஸ்ஸுல வந்துகூட இந்தச் சண்டையைப் போட்டுட்டுத்தான் போவாரு மனுஷன், போகும்போது எங்க வீட்டம்மா கட்டிக்குடுத்த முறுக்கு பையோட.

பேப்பர்ல தண்ணிச் சண்டையும் செக்போஸ்ட் தகராறும்தான் வருது, எங்க பந்தியில நடக்குற இதையும் ஒருநாள் போடுங்க ஐயா.