180 என்ற எண்ணோடு சேர்த்து எழுதப்பட வேண்டியவை: கல்லீரல் நோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவப் பெருமக்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்கும் உங்களுக்குக் கும்பகோணத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்திவரும் மருந்தாளுநர் ஒருவன் எழுதும் மடல் இது. யாருக்கு எந்த மருந்து என்று தீர்மானிக்கும் பொறுப்பு உங்களுடையது. அதில் தலையிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் நீங்கள் எழுதும் சீட்டை வாங்கிப் படித்து, பெட்டியிலிருந்து ஊசியை எடுத்துக் கொடுத்து, "இதை எப்படி வைத்துக்கொள்வது, எப்போது போடுவது" என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் இடத்தில் நான் நிற்கிறேன். அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது, இன்டர்ஃபெரான் ஊசிக்கான சீட்டில் எழுதப்படாமல் விடப்படுபவை எவ்வளவு முக்கியமானவை என்பது தெரிகிறது.

என் கடைக்கு வரும் இத்தகைய சீட்டுகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன: பெகிலேட்டட் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா 2ஏ, 180 மைக்ரோகிராம், வாரம் ஒருமுறை தோலுக்கடியில், 48 வாரம். பெகிலேட்டட் என்றால் உடலில் நெடுநேரம் தங்குமாறு மாற்றி அமைக்கப்பட்டது. இந்த வரியில் பிழை ஒன்றுமில்லை. ஹெபடைடிஸ் பி நோய்க்கு வயதுவந்தோர்க்கான முறையான தொடக்க அளவு இதுவே. தொடங்கிய பிறகு இந்த அளவை எப்போது குறைப்பது, எப்போது நிறுத்திவைப்பது, எப்போது அடியோடு கைவிடுவது என்பது மட்டும் அந்தச் சீட்டில் இருப்பதில்லை. அது உங்கள் மனத்தில் இருக்கும், கோப்பிலும் இருக்கக்கூடும். வேதாரண்யத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வெள்ளிக்கிழமை இரவு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் குடும்பத்திடம் அது இருப்பதில்லை.

1957-இல் ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற இருவர் கண்டறிந்த இன்டர்ஃபெரான், உடல் தானே சுரக்கும் புரதம். மாத்திரைகளான டெனோஃபோவிரும் என்டெகாவிரும் கிருமி பெருகுவதைத் தடுத்து அடக்கிவைக்கின்றன. இந்த ஊசியோ நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டி, கிருமி குடியிருக்கும் கல்லீரல் அணுக்கள் மீது அதனை ஏவுகிறது. அதனால்தான் மருத்துவத்தின் நடுவே கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. சட்டென்று ஏறுகிறது, தைராய்டு கெடுகிறது, வெள்ளணுவும் பிளேட்லெட்டும் இறங்குகின்றன, மனம் சோர்ந்துபோகிறது. தூண்டப்பட்ட ஆற்றல் ஒவ்வோர் உடலிலும் வெவ்வேறு விதமாக வேலை செய்யும் என்பதால், இந்த மருந்தின் அளவை முதல் நாளிலேயே முடிவுசெய்து 48 வாரத்துக்கும் நிலைநிறுத்த முடியாது. நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை என்பதை அறிவேன். என் வீட்டில் நடந்ததைச் சொன்னால், இதை ஏன் எழுதுகிறேன் என்பது விளங்கும்.

என் அக்காள் மகன் மன்னார்குடிக்குப் பக்கத்தில் விவசாயம் பார்ப்பவன். முப்பத்து நான்கு வயதில், ரத்ததானம் செய்யப் போன இடத்தில் அவன் ரத்தத்தில் பி கிருமியின் மேலுறை ஆன்டிஜெனான எச்.பி.எஸ்.ஏஜி. இருப்பது தெரிந்தது. கல்லீரல் சுருங்கவில்லை, எஸ்.ஜி.பி.டி. கூடுதலாக இருந்தது, வயதும் குறைவு. இன்டர்ஃபெரானுக்கு ஏற்றவன் என்று முடிவுசெய்த மருத்துவரைக் குறை சொல்ல இடமில்லை. ஊசி தொடங்கிய பத்து வாரம் வரை ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுக்கப்படவில்லை. ஆறாவது வாரத்திலிருந்து அவனுக்கு உறக்கம் போயிற்று. குழந்தைகள் மேல் எரிந்து விழுந்தான். பிறகு பேச்சே குறைந்தது. "மாமா, வயலுக்குப் போகவே பிடிக்கல" என்று தொலைபேசியில் ஒருநாள் சொன்னபோது, கடன் கவலை என்று நானே எடுத்துக்கொண்டேன். மருந்தாளுநனான எனக்கே அது ஊசியின் வேலையாக இருக்கும் என்று தோன்றவில்லை. அக்காளுக்கு எப்படித் தோன்றும்? குணசீலத்துக்கு அழைத்துப்போய் வரலாம் என்று பெரியவர்கள் முடிவுசெய்தார்கள். மனம் கலங்கியவர்களைக் காலங்காலமாக அந்தப் பெருமாள் சந்நிதிக்கு அழைத்துச்செல்லும் நம் பக்கத்து வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே தங்கியிருந்த நாட்களிலும், வாரம் தவறக்கூடாது என்று மருத்துவமனையில் சொன்னதை நம்பி, வெந்நீர்க் குடுவைக்குள் குளிர்ச்சிப் பையோடு ஊசியை வைத்து எடுத்துப்போய் அவனுக்குப் போட்டார்கள். நோயைக் கூட்டுவது எதுவோ அதையே பக்தியோடும் அக்கறையோடும் கொடுத்திருக்கிறார்கள்.

பத்தாவது வாரம் நான் வற்புறுத்தி எடுக்கவைத்த பரிசோதனையில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கை 610 என்று வந்தது. 750-க்குக் கீழே போனால் 135 மைக்ரோகிராமாகக் குறைக்க வேண்டும் என்றும், 500-க்குக் கீழே போனால் நிறுத்திவைத்து, 1000-ஐத் தாண்டிய பிறகு 90-இல் மறுபடி தொடங்க வேண்டும் என்றும் இந்த மருந்தின் குறிப்பேடு சொல்கிறது. பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இறங்கினால் 90. 25,000-க்குக் கீழே என்றால் நிறுத்தம். மனச்சோர்வு நடுத்தரமாக இருந்தால் அளவைக் குறைத்து வாரந்தோறும் நோயாளியைப் பார்க்க வேண்டும். கடுமையாக இருந்தால் ஊசியை நிரந்தரமாக நிறுத்தி, உடனே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இவை அனைத்தும் அச்சிட்டு ஒவ்வொரு பெட்டியிலும் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். என் அக்காள் வீட்டில் அந்தத் தாளை யாரும் பிரிக்கவில்லை.

அவனுக்கு ஊசி நிறுத்தப்பட்டது. மனம் தெளியப் பல வாரங்கள் ஆயின. இப்போது அரசு மருத்துவமனையில் கிடைக்கும் டெனோஃபோவிர் மாத்திரையில் இருக்கிறான். தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகக்கூடிய மருந்து என்று குறிப்பேட்டின் தலைப்பிலேயே கட்டம் கட்டி எச்சரித்திருக்கும் ஒன்றைப் பற்றி, வீட்டாரில் ஒருவரிடமாவது "இவர் சுபாவம் மாறினால் அடுத்த ஊசியைப் போடாமல் என்னிடம் அழைத்து வாருங்கள்" என்று ஒரு வரி சொல்லப்பட்டிருந்தால், அவன் மனைவியே அந்த ஆறாவது வாரத்திலேயே கண்டுபிடித்திருப்பாள். நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது. சோர்ந்துபோன மனம் தன் சோர்வைத் தானே அறிவதில்லை.

அளவைக் குறைக்கச் சொல்லும்போது நேரும் சிக்கல் ஒன்று உண்டு. அது மருந்துக்கடையில்தான் தெரியும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 180 மைக்ரோகிராம் ஊசியில் இருப்பது அரை மில்லி மருந்து. 135 என்று நீங்கள் எழுதினால் அதில் முக்கால் பங்கு, அதாவது 0.375 மில்லி, உள்ளே போக வேண்டும். 90 என்றால் பாதி. மிஞ்சுவதை அப்புறப்படுத்த வேண்டும். விலை கூடிய ஊசியில் பாதியைக் குப்பையில் போட மனம் வருமா? மிச்சத்தை மூடி குளிர்பெட்டியில் வைத்து அடுத்த வாரம் போட்டுக்கொண்ட ஒருவர் அதை என்னிடம் சிக்கனமாகவே எண்ணிப் பெருமையோடு சொன்னார். ஒருமுறை திறந்தது மறுமுறைக்கு ஆகாது என்பதையும், எந்தக் கோடு வரை அழுத்த வேண்டும் என்பதையும் அளவை மாற்றும் அன்றே செவிலியர் ஒருவர் கையில் பிடித்துக் காட்டினால் இது நேராது.

பெயரையும் முழுதாக எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். "இன்டர்ஃபெரான்" என்று மட்டும் எழுதிய சீட்டு மூன்று வெவ்வேறு மருந்துகளைக் குறிக்கலாம். பெகிலேட்டட் ஆல்ஃபா 2ஏ என்றால் வயதுவந்தோர் எல்லோருக்கும் 180 என்ற நிலையான தொடக்க அளவு. பெகிலேட்டட் ஆல்ஃபா 2பி என்றால், ஹெபடைடிஸ் சி வகைக்கு ரிபாவிரின் என்ற மருந்தோடு கொடுத்த நாட்களில், உடல் எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம், நடவுக்குப் போகும் 42 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 63 மைக்ரோகிராம்தான். பழைய, பெகிலேட்டட் அல்லாத இன்டர்ஃபெரானோ மைக்ரோகிராமில் அல்லாமல் மில்லியன் யூனிட்டில் அளக்கப்பட்டு, வாரம் மூன்று முறையோ நாள்தோறுமோ போடப்படுவது. பெயரில் ஓரெழுத்து விடுபட்டால் ஒன்றின் அளவு இன்னொன்றுக்குப் போய்விடும். ஐயம் வந்தால் நான் தொலைபேசியில் கேட்டுவிடுகிறேன். இரவு ஒன்பது மணிக்குக் கடையைப் பார்த்துக்கொள்ளும் பையன் கேட்பான் என்பதற்கு உறுதி இல்லை.

சி வகைக்கு இந்த ஊசியை இன்னும் கேட்டு வருபவர்கள் அரிதாக இருக்கிறார்கள். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், சி வகையைப் பெரும்பாலும் 12 வாரத்தில் குணமாக்கும் மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கும்போது, அவர்களை அங்கே அனுப்புவதே முறை.

நம் மண்ணுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஊசி போட்ட இரவு குளிர்சுரமும் உடல்வலியும் வரும், பாராசிட்டமால் அளவோடு போட்டுக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம் என்று நாம் எல்லோரும் சொல்லி அனுப்புகிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா வயலில் முழங்கால் சேற்றில் நிற்பவருக்கு இதைச் சொல்லும்போது அந்த அறிவுரையே ஆபத்தாகிறது. எலிக்காய்ச்சலும் டெங்குவும் அதே குளிர்சுரத்தோடும் அதே உடல்வலியோடும்தான் தொடங்குகின்றன. டெங்குவில் பிளேட்லெட் இறங்கும், ஊசியிலும் இறங்கும். எலிக்காய்ச்சலில் கண் மஞ்சளாகும். அதைப் பார்த்தவர்கள் பழைய காமாலைதான் திரும்பிவிட்டது என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். கீழாநெல்லியை நான் ஏளனமாகப் பேசவில்லை. சென்னை ஆய்வாளர்கள், பி கிருமியைக் கண்டறிந்த பிளம்பெர்க்கோடு சேர்ந்து, 1988-இல் அதைப் பற்றி நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டார்கள். பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. ஊசியின் காய்ச்சல் ஓரிரு நாளில் தணியும், போகப்போகக் குறையும். ஊசி போட்டு மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால், அல்லது நான்கு மாதம் பழகிய உடம்பில் திடீரென்று புதிதாகக் காய்ச்சல் வந்தால், அதை ஊசியின் கணக்கில் எழுதாமல் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும் என்று அடைமழைக் காலத்துச் சீட்டுகளில் தனியாக எழுதிக் கொடுங்கள்.

அடுத்து, பன்னிரண்டாம் வாரம். இந்தியாவில் பி கிருமியின் மரபணு உட்பிரிவுகளில் டி வகையும் ஏ வகையுமே மிகுதி. அவற்றுள் டி வகை இந்த ஊசிக்கு எளிதில் இணங்குவதில்லை. பன்னிரண்டு வாரம் போட்டும் எச்.பி.எஸ்.ஏஜி. அளவு சிறிதும் குறையாவிட்டால், அதிலும் டி வகையில் ரத்தத்திலுள்ள கிருமியின் அளவான வைரல் லோடும் நூறில் ஒரு பங்காகக்கூட இறங்காவிட்டால், மேலே தொடர்வதில் பயன் மிகக் குறைவு என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி. ஆனால் 48 வாரம் என்று எழுதிவிட்ட சீட்டு, 48 வாரத்துக்குமான செலவுத் திட்டமாகவே வீட்டில் படிக்கப்படுகிறது. முப்பத்தாறு வாரம் மிச்சமிருக்கும்போது நிறுத்தலாமா என்று கேட்க அவர்களுக்கு வழி தெரியாது. நகையை அடகு வைத்து ஊசி வாங்குகிறவர்களிடம், கிருமி மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் இ ஆன்டிஜென் உள்ளவர்களில்கூட ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் அது மறைந்து எதிர்ப்பொருள் தோன்றும் என்பதையும், கிருமியின் மேலுறை ஆன்டிஜென் முற்றும் மறைவது மிகச் சிலருக்கே என்பதையும் தொடங்கும் முன் சொல்லிவிடுவது நியாயம். "ஒரு வருஷ ஊசி, அப்புறம் நோயே இருக்காது" என்று நம்பி வருகிறவர்களைக் கடையில் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. அந்த நம்பிக்கையை நீங்கள் கொடுக்கவில்லை என்றே எண்ணுகிறேன். யாரும் அதைத் திருத்தவும் இல்லை.

மருந்தைப் பாதுகாப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் இருக்க வேண்டிய மருந்து இது, உறையவும் கூடாது. தஞ்சாவூரில் வாங்கி, பனிக்கட்டியோடு ஒட்டி வைத்துத் திருத்துறைப்பூண்டி வரை பேருந்தில் கொண்டுபோனால் உறைந்தே கெட்டுவிடும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரை கடந்தபின் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்கள் இங்கே இருந்தன. அந்த நாட்களில் குளிர்பெட்டியில் கிடந்த ஊசி கெட்டதா நல்லதா என்று கேட்டு வந்தவர்களுக்கு நான் உறுதியாக எந்தப் பதிலும் சொல்ல முடியவில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை ஒரே நேரத்தில் நான்கு வார ஊசிக்கு மேல் எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். தமிழில், கொட்டை எழுத்தில், சீட்டோடு இணைத்த ஒரு தாள். மருந்தின் முழுப்பெயர், மைக்ரோகிராம் அளவு, எந்தக் கிழமை என்பது. 2-ஆம் வாரமும் 4-ஆம் வாரமும் அதன்பின் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறையும் ரத்தம் எடுக்க வேண்டிய தேதிகள். பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை தைராய்டு. தொடங்கும் முன் கண்ணும் மனநிலையும் பார்த்தாயிற்றா என்ற குறிப்பு. நியூட்ரோஃபிலும் பிளேட்லெட்டும் எந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் ஊசியைப் போடாமல் யாரை அழைப்பது என்பது. தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் பன்னிரண்டாம் வாரத் தேதி. நோயாளியின் மனநிலை மாற்றத்தைக் கவனிக்க வீட்டில் பொறுப்பேற்றவரின் கையொப்பம். அந்தத் தாளில் ரத்தப் பரிசோதனையின் முடிவு எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அடுத்த நான்கு ஊசியை எடுத்துத் தருவேன் என்று என் கடையில் இந்த மாதம் முதல் முடிவுசெய்திருக்கிறேன். எழுதாமல் வருபவர்களை வெறுங்கையோடு அனுப்பப் போவதில்லை; அவர்கள் எதிரிலேயே உங்களைத் தொலைபேசியில் அழைப்பேன். அருள்கூர்ந்து எடுத்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு மருந்தாளுநர்