அப்பாவுக்கு வந்தது வலிப்பு இல்லை, மக்களே

மக்களே, அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து இன்றைக்குப் பதினொன்றாவது நாள். வயிற்றுப் புண் என்று உன்னிடம் சொன்னது பொய், மஸ்கட்டில் லீவு கிடைக்காமல் நீ கிடந்து தவிப்பாய் என்றுதான் மறைத்தேன். கணையத்தில் கட்டி. இன்சுலினோமா என்று பெயர், தன்பாட்டுக்கு இன்சுலினைச் சுரந்து சுகரை இறக்கிவிடும் கட்டி, பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு நாலு பேருக்கு வருமாம். புற்று இல்லை, பரிசோதனை முடிவும் வந்துவிட்டது.

போன வருஷம் முழுக்க விடியற்காலை வெறும் வயிற்றோடு ரப்பர் பால் வெட்டப் போகும்போதுதான் அவருக்கு வரும். உடம்பெல்லாம் வேர்த்து, நாக்கு குழறி, வெட்டிய மரத்தையே திரும்ப வெட்டிக்கொண்டு நிற்பார், சிரட்டை கவிழ்ந்து பால் மண்ணில் ஓடுவதுகூடத் தெரியாது. ஒளித்துக் குடிக்கிறார் என்று நினைத்து ஊர் கேட்க ஏசினேன் மக்களே. ஒரு ஆஸ்பத்திரியில் வலிப்பு என்று எட்டு மாசம் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு துண்டு கருப்பட்டியும் கட்டன் சாயாவும் உள்ளே போனால் கால் மணி நேரத்தில் ஆள் பழையபடி ஆகிவிடுவார், அதைத் தினமும் பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

நாகர்கோவிலில் உன் வயசுள்ள ஒரு டாக்டர் பெண்தான் அந்த மயக்கத்திலேயே விரலில் குத்திப் பார்த்தாள். சுகர் வெறும் 38. உடனே திருவனந்தபுரத்துக்கு எழுதிக் கொடுத்தாள். அங்கே தண்ணீர் மட்டும் கொடுத்து 72 மணி நேரப் பட்டினி டெஸ்ட். 15 மணி நேரத்திலேயே என்னைப் பார்த்து "நீ யாரு" என்றார். ரத்தம் எடுத்த கையோடு குளுக்கோஸ் ஏற்றினார்கள். சுகர் அவ்வளவு இறங்கினால் இன்சுலின் சுரப்பது நின்றுவிட வேண்டும், அப்பாவுக்கு நிற்கவில்லை. உடம்பு இன்சுலின் சுரக்கும்போது கூடவே வருகிற சி-பெப்டைடும் கூடுதலாக இருந்ததால் ஊசி போட்டு வந்த இன்சுலின் இல்லை, உடம்பே சுரப்பது என்று உறுதியானது. சிடி ஸ்கேனில் ஒன்றும் அகப்படவில்லை, வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பைக்குள்ளிருந்து எடுத்த ஸ்கேனில்தான் தெரிந்தது, 14 மில்லிமீட்டர், பெரிய கொண்டைக்கடலை அளவு. அதை மட்டும் தோண்டி எடுத்தார்கள், கணையத்தை வெட்டவில்லை. அன்று ராத்திரியே சுகர் 180. கணைய நீர் கசிகிறதா என்று பார்க்க ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை எடுப்பார்கள்.

அப்புறம், சில குடும்பங்களில் இது வழிவழியாக வருமாம், அப்போது ரத்தத்தில் கால்சியமும் கூடும். அப்பாவுக்குச் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நீ ஒரு தடவை பார்த்துவிடு.

நான் ஏசியதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. நேற்று காலை ஏழு மணி வரை வெறும் வயிற்றோடு பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு வேர்வை இல்லை.

அம்மா